வியாழக்கிழமைக்கு முடிவு எழுதியவள்

லூப்லின் நகரத்து வீட்டுவசதிக் கூட்டுறவு அலுவலகத்தில் யாத்விகா சொபோல் பன்னிரண்டு வருடமாக ஒரே வாக்கியத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.' ஒரு நாளைக்கு நாற்பது கடிதமாவது போகும். அவளுடைய சொந்த விண்ணப்பமும் அதே அலமாரியில்தான் பதினோரு வருடமாகக் கிடந்தது. அவளும் புருஷன் ஸெனோனும் ஸெனோனின் அண்ணன் வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தார்கள். சமையலறைக்கு யார் எப்போது போவது என்பதற்கு ஓரகத்தி ரெஜினா ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள்.

யாத்விகாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. வேலை மூன்று மணிக்கு முடியும். அதற்கப்புறம் இறைச்சிக்கு ஒரு வரிசை, காகிதத்துக்கு ஒரு வரிசை, சோப்புக்கு ஒரு வரிசை. வீடு வந்து சேரும்போது கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் தோலில் பதிந்திருக்கும். உடம்பு வலிக்கிறது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. எல்லாருக்கும் வலித்தது, அதில் சொல்ல என்ன இருக்கிறது.

1984 பிப்ரவரியில் ரோமுவால்ட் என்ற, மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் ஊழியர் தன் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்க அலுவலகத்துக்கு வந்தார். யாத்விகா அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே, விசைகளைப் பார்க்காமல், வேறொருவருக்கான கடிதத்தை அடித்து முடித்தாள். அவர் வந்த வீட்டு விஷயத்தை மறந்துவிட்டார். பெண்களை மரியாதையாக அழைக்கும் 'பானி'யைச் சேர்த்துக் கேட்டார்.

"பானி யாத்விகா, நீங்க மெழுகுத் தாள்ல அடிப்பீங்களா?"

"எந்தத் தாள்லயும் அடிப்பேன். என்ன விஷயம்?"

"எங்க கழகத்துக்கு. பண்பாட்டு மன்றத்து மாடியில சனிக்கிழமை கூடுவோம். விஞ்ஞானக் கதை படிக்கிறவங்க. வெளிநாட்டுக் கதைங்களை மொழிபெயர்த்து நாங்களே படி எடுக்கிறோம். அடிக்கத்தான் ஆளில்ல. பசங்க ஒரு விரலால குத்துறானுங்க, பக்கத்துக்குப் பத்து தப்பு."

"ராக்கெட், செவ்வாய்க் கிரகம், அதானே?"

"அதுவும் உண்டு. காப்பிக்கொட்டை தரேன். அசல் காப்பி. என் தங்கச்சி ஹம்பர்க்ல இருந்து அனுப்புறா."

வறுத்த பார்லியைக் காப்பி என்று நம்பிக் குடித்துக்கொண்டிருந்த காலம். யாத்விகா யோசிக்கவே இல்லை.

கழகம் எடுத்த நகல் படிகளில் 'உறுப்பினர் உபயோகத்துக்கு மட்டும்' என்று ஒரு முத்திரை இருக்கும். நூறு படிக்கு மேல் போகாத வரை தணிக்கைக்காரர்கள் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. உருளையில் மாட்டிப் படி எடுக்கும் மெழுகுத் தாளில் ஒரு தப்பு அடித்தால் நகப்பூச்சு மாதிரி ஒரு திரவத்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, மறுபடி அடிக்க வேண்டும். யாத்விகாவுக்கு அது தேவைப்படவில்லை. முதல் மூன்று நாவல்களை அடித்து முடித்தபோது அவற்றில் என்ன நடந்தது என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. கண்ணிலிருந்து விரலுக்குப் போயிற்று. நடுவில் எங்கும் தங்கவில்லை.

நான்காவது நாவலில் அவள் தப்படித்தாள்.

அட்டை கிழிந்துபோன ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வேறொரு ஊர்க் கழகத்திடம் இரவல் வாங்கி ரோமுவால்ட் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். எழுதியவர் பெயர் அட்டையோடு போய்விட்டது. கதை ஒரு சின்ன நகரத்தில் நடக்கிறது. அந்த ஊரிலிருந்து வியாழக்கிழமை காணாமல் போய்விடுகிறது. புதன்கிழமை படுத்தவர்கள் வெள்ளிக்கிழமை எழுந்திருக்கிறார்கள். யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. வாரத்துக்கு ஆறு நாள் என்றுதான் எப்போதும் இருந்ததாக நினைக்கிறார்கள். சலவைக்கூடத்தில் வேலை செய்யும் ஹேஸல் என்ற ஒருத்தி மட்டும் வியாழக்கிழமையில் விழித்துக்கொள்கிறாள். ஊரில் வேறு ஒரு ஜீவன் இல்லை. தெரு காலி. கடைகள் திறந்து கிடக்கின்றன. முதலில் பயந்து அழுகிறாள். அப்புறம் பழகிப்போகிறது. கிழிந்த திரையைத் தைக்கிறாள், உடைந்த படியைச் சரிசெய்கிறாள். வெள்ளிக்கிழமை எல்லாரும் எழுந்ததும், அந்தப் படி என்றைக்குமே உடைந்ததில்லை என்று ஆகிவிடுகிறது. அவள் வியாழக்கிழமை செய்வதெல்லாம் ஆதியிலிருந்தே அப்படித்தான் இருந்தது என்று மாறுகிறது. யாருக்கும் தெரியாமல், யாரும் நன்றி சொல்லாமல், அவள் ஓர் ஊரையே பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு வில்லங்கம். மற்றவர்களுக்கு வாரத்தில் ஆறு நாள் வயதாகிறது. அவளுக்கு ஏழு நாள்.

அந்த இடத்தில்தான் யாத்விகாவின் விரல் நின்றது. 'ஏழு' என்பதில் இரண்டு எழுத்து இடம் மாறி விழுந்திருந்தது. திரவத்தைத் தடவிவிட்டு, காயட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். காய்ந்த பிறகும் உட்கார்ந்திருந்தாள்.

"அப்புறம் என்ன ஆகுது?" என்று ரோமுவால்ட்டைக் கேட்டாள்.

அவர் சிரித்துவிட்டார். "நானே அடுத்த அத்தியாயத்தை இன்னும் படிக்கல. அகராதியைப் புரட்டிப் புரட்டித்தான் போறேன். அடுத்த சனிக்கிழமை வாங்க."

ஏழு நாள் காத்திருப்பது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு கதைக்காகக் காத்திருப்பது புதிது. இறைச்சி வரிசையில் நின்றபோது, முன்னாலிருந்த பெண்மணிக்கு அவள் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். பின்னாலிருந்தவள் நகர்ந்து வந்தாள். அதற்குப் பின்னாலிருந்தவள், "சத்தமா சொல்லும்மா, காதுல விழல" என்றாள். வாரா வாரம் அதே வரிசை, ஏறக்குறைய அதே முகங்கள். மூன்றாவது வாரத்தில் யாத்விகா வந்து சேர்ந்ததும் அவளுக்கு இடம் விட்டார்கள்.

"எனக்கு அந்த மாதிரி ஒரு நாள் கிடைச்சா ஒரு வேலையும் செய்ய மாட்டேன். குப்புறப் படுத்துத் தூங்குவேன்" என்றாள் தையல்கூடத்தில் வேலை செய்யும் ஒரு பருத்த பெண்.

"அன்னைக்குக் கடை திறந்திருக்குமா?"

"திறந்திருக்குன்னு கதையில இருக்கே."

"திறந்திருந்து என்ன? இங்க திறந்துதான் கிடக்கு. உள்ள கொக்கியும் கசாப்புக்காரனும்தான் இருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கோட்டின் கழுத்தைத் தூக்கிவிட்டிருந்த ஒரு பெண் சிரிக்கவில்லை. "இது கதையே இல்ல" என்றாள் மெதுவாக. "எண்பத்தொண்ணு டிசம்பர்ல ராணுவச் சட்டம் போட்டாங்களே, அந்த ஞாயித்துக்கிழமை நான் எந்திரிச்சேன். போனை எடுத்தா ஊமை. ரேடியோவுல பட்டாளக்காரர் பேசுறார். தெருவுல டாங்கி. சனிக்கிழமை படுத்த ஊர் வேற, எந்திரிச்ச ஊர் வேற. திங்கக்கிழமை வேலைக்குப் போனா, எங்க மேலதிகாரி எப்பவும் இப்படித்தான் இருந்த மாதிரி பேசுறான். நான்தான் பைத்தியமோன்னு நினைச்சேன்."

ஒருத்தி பின்னால் திரும்பி, யாராவது ஒட்டுக்கேட்கிறார்களா என்று வரிசையின் கடைசி வரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணே, "சரி, சொல்லுங்க. அவ புருஷன் அவளுக்கு நரை விழுந்ததைக் கவனிச்சானா?" என்று கேட்டாள்.

பதின்மூன்று அத்தியாயம் இப்படிப் போயிற்று. பதினான்கோடு நாவல் முடியும் என்று ரோமுவால்ட் சொல்லியிருந்தார். செப்டம்பரில் அவர் சுற்றுலாக் கப்பலில் ஸ்வீடனுக்குப் போனார். கப்பல் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. ஆங்கிலப் புத்தகமும் அவர் பையோடு போய்விட்டது.

கழகத்தைப் பார்த்துக்கொண்ட இரெனேயுஷ் பள்ளியில் புவியியல் ஆசிரியர். ஒல்லி, எப்போதும் மூக்கொழுகும். அவர், கழகத்தில் யாஜா என்று சுருக்கி அழைக்கப்பட்ட யாத்விகாவின் எதிரில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"காகிதம் வந்தாச்சு பானி யாஜா. இந்த மாசத்துக்குள்ள உபயோகிக்கலேன்னா மன்றம் அதைக் குழந்தைங்க நாட்டியத்துக்கு நிகழ்ச்சி நிரல் அடிக்க எடுத்துக்கும். பதிமூணோட நிறுத்தி, 'முடிவு கிடைக்கவில்லை'ன்னு ஒரு வரி போட்டுடலாம்."

"முடிவு கிடைக்கலேன்னா போடுவீங்க?"

"வேற என்ன செய்ய?"

யாத்விகாவுக்கு இறைச்சி வரிசையின் முகங்கள் நினைவுக்கு வந்தன. முடிவு கிடைக்கவில்லை, பரிசீலனையில் உள்ளது. இந்த வாக்கியத்தை இனி இன்னொரு முறை அடிக்க விரலில் தெம்பில்லை என்று தோன்றியது.

"கடைசி அத்தியாயம் என்கிட்ட இருக்கு" என்றாள். "போறதுக்கு முன்னாடி கையெழுத்துப் படியா குடுத்துட்டுப் போனார். வீட்ல வெச்சிருக்கேன்."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

மூன்று நாள் அலுவலகத்தில் மதிய இடைவேளையில், ரொட்டியைக் கடித்துக்கொண்டே அவள் அதை எழுதினாள். பேனாவால் எழுதவில்லை. அவளுக்குப் பேனாவில் யோசிக்க வராது. நேரே மெழுகுத் தாளைச் செருகி அடித்தாள். பதின்மூன்று அத்தியாயமும் விரலில் இருந்ததால், ரோமுவால்ட்டின் வாக்கியம் எப்படித் தொடங்கும், எங்கே மூச்சு வாங்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் எழுதிய முடிவு சின்னது. ஹேஸல் முதிர்ந்துபோயிருக்கிறாள். புருஷன் அவளைத் தன் தாய் என்று பிறர் எண்ணுவதைப் பொறுத்துக்கொள்கிறான். ஊரில் சரிசெய்ய வேண்டியவை இன்னும் நிறைய இருக்கின்றன: பாலத்துக்குக் கைப்பிடி இல்லை, ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். அந்த வியாழக்கிழமை அவள் பட்டியலைக் கையில் எடுக்கிறாள், பார்க்கிறாள், மேசையில் வைத்துவிடுகிறாள். ஜன்னல் திரையை இழுத்து மூடுகிறாள். அதன் ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட பழுப்பு வடு. படுக்கிறாள். தூங்கிவிடுகிறாள். நாள் முழுக்கத் தூங்குகிறாள். வியாழக்கிழமை செய்வதெல்லாம் ஆதியிலிருந்தே இருந்ததாக ஆகிவிடும் அல்லவா? வெள்ளிக்கிழமை எழுந்த ஊர், என்றைக்கும் நன்றாகத் தூங்கிய ஊராக இருக்கிறது. பேருந்தில் யாரும் யாரையும் இடிக்கவில்லை. ஹேஸலுக்கு மட்டும் அசதி என்றால் என்னவென்று நினைவிருக்கிறது. அதை யாரிடமும் சொல்லத் தேவையில்லை என்று அவள் முடிவு செய்கிறாள்.

இரெனேயுஷ் அதைப் படித்தார். மூக்கைச் சிந்தினார். மறுபடி படித்தார்.

"நடை கொஞ்சம் மாறியிருக்கே?"

"கப்பலுக்கு நேரமாச்சுன்னு அவசரமா எழுதியிருப்பார்."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி. இன்னைக்கே உருளையில மாட்டிடலாம்."

நூறு படி. அந்த நூறும் கை மாறி மாறி, கடைசியில் எத்தனை பேர் படித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. சுரங்க ஊர் ஒன்றிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: 'எங்கள் மீட்புக் குழுவில் பதினோரு பேர் படித்தோம். கடைசி அத்தியாயத்தை ஒருவன் உரக்க வாசித்தான். அதற்குப் பிறகு யாரும் சீட்டாடவில்லை.' கழகக் கூட்டத்தில் இளைஞர்கள் அதை வைத்து இரண்டு மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். யாத்விகா பின் வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தாள்.

"இந்த மாதிரி முடிவு ஆங்கிலேயனுக்குத்தான் வரும். நம்மாளுங்களா இருந்தா பிரசங்கம் பண்ணியிருப்பாங்க" என்றான் கண்ணாடி போட்ட ஒருவன்.

"போடா, இது ஒரு முடிவா? வியாழக்கிழமையை யார் திருடினாங்கன்னே சொல்லல. தூங்கிட்டாளாம்! விஞ்ஞானம் எங்க இதுல?"

"யார் திருடினாங்கன்னு தெரிஞ்சு நீ என்ன செய்வே? உன் சர்க்கரை ரேஷன் அட்டையை யார் திருடினாங்கன்னு தெரியும். என்ன செஞ்சே?"

யாத்விகாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். வரிசையில் அந்தப் பருத்த பெண்ணுக்கு முடிவைச் சொன்னபோது அவள், "நான்தான் அப்பவே சொன்னேனே, தூங்கத்தான் செய்வான்னு!" என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டாள். சிரிக்காத அந்தப் பெண் மட்டும் யாத்விகாவின் முழங்கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள்.

ஸெனோன் ட்ராலிபஸ் ஓட்டுபவன். கதைப் புத்தகம் படிக்கிற ஆள் இல்லை. யாரோ பயணி விட்டுப்போன படி ஒன்று அவன் கைக்கு வந்தது. கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பத்து நிமிஷம் பத்து நிமிஷமாக இரண்டு வாரத்தில் படித்து முடித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கட்டிலில் உட்கார்ந்து காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தவன், தலை தூக்காமல் கேட்டான்.

"யாஜா, அந்தத் திரை நம்ம திரைதானே?"

"எந்தத் திரை?"

"இஸ்திரிப்பெட்டி சுட்டது. நான்தான் சுட்டேன். ஆங்கிலேயனுக்கு எப்படித் தெரியும்?"

யாத்விகா கதவைப் பார்த்தாள். "மெதுவாப் பேசு. அந்தப் பக்கம் உங்கண்ணி இருக்கா."

"நீ எழுதினதா?"

"கடைசி மட்டும்."

அவன் ஒரு காலணியை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தான்.

"நீ இவ்வளவு களைச்சுப்போயிருக்கேன்னு எனக்குத் தெரியாது" என்றான்.

இருபத்திரண்டு வருடத்தில் அவன் அவளைப் பற்றிச் சொன்ன வாக்கியங்களில் அதுதான் நீளமானது. முதுகைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே மடித்திருந்த துணியை மறுபடி மடித்தாள். அடுத்த வாரத்திலிருந்து அவன் தன் ஓய்வுநாளை மாற்றிக்கொண்டு, வியாழக்கிழமைகளில் இறைச்சி வரிசையில் தானே போய் நின்றான். கொழுப்பு மிகுந்த துண்டுகளையே கட்டிக்கொடுத்து அவனை ஏமாற்றினார்கள். நான்கைந்து மாதம் அப்படிப் போயிற்று. பிறகு பணிமனையில் ஆள் குறைந்தது, ஓய்வுநாளும் பழையபடி ஆனது. ஆனாலும் அந்த நான்கைந்து மாதமும் அவள் வியாழன் மாலைகளில் கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீடு எண்பத்தொன்பதில் கிடைத்தது. நான்காவது மாடி, ஒன்றரை அறை, லிஃப்ட் கிடையாது. அதற்குள் அரசாங்கம் மாறிவிட்டது, ரேஷன் அட்டைகள் போயின, கடைகளில் சாமான் வந்தது, வாங்கத்தான் முடியவில்லை. வரிசைகள் கலைந்ததோடு அந்தப் பெண்களும் கலைந்துபோனார்கள். எதிரே பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

தொண்ணூற்றிரண்டில் பேருந்து நிலையத்து நடைபாதையில், மடக்குக் கட்டிலின் மேல் பரப்பியிருந்த புத்தகங்களுக்கு நடுவே யாத்விகா அந்த நாவலைப் பார்த்தாள். பளபளக்கும் அட்டை, அதில் அரைகுறை உடையோடு ஒரு பெண். பின்னட்டையைப் படித்துத்தான் இது ஹேஸல் என்று தெரிந்தது. ஏதோ ஒரு புதிய பதிப்பகம், வேறு மொழிபெயர்ப்பாளர். வாங்கி, நின்ற இடத்திலேயே கடைசி அத்தியாயத்தைத் திறந்தாள். வியாழக்கிழமையைத் திருடியது ஒரு நிறுவனமாம். ஊருக்கு அடியில் ஓர் எந்திரம் இருந்ததாம். ஹேஸல் சுரங்கத்தில் இறங்கி, காவலர்களை ஏமாற்றி, எந்திரத்தை நிறுத்துகிறாள். வியாழக்கிழமை எல்லாருக்கும் திரும்பக் கிடைக்கிறது. ஊர் கூடி அவளுக்கு மாலை போடுகிறது. மறுநாள் அவள் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறாள்.

கெட்டிக்காரத்தனமான முடிவுதான். ஒரு இடமும் பிசகவில்லை. யாத்விகாவுக்கு வெட்கமாக இல்லை, கோபமும் வரவில்லை. இத்தனை செய்த பிறகும் இவளை மறுபடி வேலைக்கு அனுப்பிவிட்டார்களே என்று மட்டும் தோன்றியது. இரண்டு பேருந்தை விட்டுவிட்டாள்.

பத்து நாள் கழித்து, நான்கு மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு இரெனேயுஷ் வந்தார். கையில் அதே புத்தகம். ஸெனோன் தேநீர் போட எழுந்துபோனான்.

"பழைய வாசகருங்க பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதித் தள்ளுறாங்க பானி யாஜா. முடிவை வெட்டிட்டீங்க, அசலைப் போடுங்கன்னு. பதிப்பகத்துக்காரன் எனக்குப் போன் போட்டுக் கத்துறான், என்னய்யா உங்க ஊர்ல வேற புத்தகமான்னு."

யாத்விகா மேசை விரிப்பைத் தடவினாள். எட்டு வருடம் மனசில் ஓட்டிப் பார்த்த பேச்சு இது. வாயில் வந்தது வேறு. "நான்தான் எழுதினேன். ரோமுவால்ட் ஒண்ணும் குடுக்கல. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"எண்பத்தஞ்சு வசந்தத்துல ஸ்வீடன்ல இருந்து ஒரு தடிச்ச உறை வந்துச்சு. தணிக்கைக்காரங்க பாதி பிரிச்சு ஒட்டியிருந்தாங்க. உள்ள கடைசி அத்தியாயம், சுத்தமா மொழிபெயர்த்து. 'தாமதத்துக்கு மன்னிக்கவும்'னு ஒரு வரி."

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

இரெனேயுஷ் கைக்குட்டையைத் தேடினார். "சொல்லத்தான் வந்தேன், உங்க ஆபீசுக்கு. நீங்க ஒரு கிழவருக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. வாசல்லயே நின்னு பார்த்துட்டுத் திரும்பிட்டேன். நூறு படியும் ஊர் ஊராப் போயாச்சு. அத்தனை பேரும் படிச்சு முடிச்சு நிம்மதியாத் தூங்கியாச்சு. எழுப்ப மனசு வரல."

ஸெனோன் மூன்று கண்ணாடிக் குவளைகளைக் கொண்டுவந்து வைத்தான். "எலுமிச்சை இல்ல" என்றான்.

"பரவாயில்ல பான் ஸெனோன்." இரெனேயுஷ் யாத்விகாவின் பக்கம் திரும்பினார். "கழகத்து வெளியீடுகளுக்கு ஒரு பட்டியல் போடுறோம். அதுல உங்க பேரைப் போடலாமா? கடைசி அத்தியாயம், யாத்விகா சொபோல்னு?"

"போட்டா அந்தச் சுரங்கத்து ஆளுங்க என்ன நினைப்பாங்க?"

"ஏமாத்திட்டாங்கன்னு சிலர் நினைப்பாங்க. சிலருக்கு இன்னும் பிடிச்சுப்போகும்."

தேநீர் ஆறிப்போயிற்று. "போடுங்க" என்றாள் கடைசியில். "ஆனா இன்னொரு கதை எழுதச் சொல்லாதீங்க. என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்."

பட்டியல் அடுத்த வருடம் வந்தது. ஏழெட்டுக் கடிதங்களும் வந்தன. ஒருவர் திட்டியிருந்தார். மற்றவர்கள் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தார்கள்: ஹேஸல் அதற்கப்புறம் என்ன ஆனாள்? யாத்விகா ஒவ்வொருவருக்கும் கையால் பதில் எழுதினாள், தனக்கும் தெரியாது என்று. தட்டச்சு எந்திரத்தைத் தொடவில்லை.

தொண்ணூற்றாறில் ஓய்வு பெற்றாள். இப்போதெல்லாம் நூலகத்திலிருந்து உலகம் தலைகீழாகும் கதைகளாகவே பார்த்து எடுத்து வருகிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்துக்கொண்டு படிக்கத் தொடங்குவாள். பெரும்பாலும் மூன்றாவது பக்கம் தாண்டுவதில்லை. ஸெனோன் வந்து கையிலிருக்கும் புத்தகத்தை மெல்ல உருவி, பக்கத்தை மடிக்காமல் ட்ராலிபஸ் டிக்கெட் ஒன்றைச் செருகி வைத்துவிட்டு, வானொலியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவான்.